பதினேழாவது தெரிவு

விசுவமடுவில் அமராவதி இருக்கும் ஒழுங்கையில் யாருக்காவது நிரப்ப வேண்டிய படிவம் ஒன்று வந்தால், அவர்கள் முதலில் அவருடைய வீட்டுக்குத்தான் வருவார்கள். அவர் ஒன்பதாம் வகுப்புக்கு மேல் படித்ததில்லை. ஆனால் இடம்பெயர்ந்தோர் பதிவு, மீள்குடியேற்றப் பதிவு, வீட்டுத்திட்டம், காணி அனுமதிப்பத்திரம், வெள்ள நட்டஈடு என்று வன்னியில் ஒரு குடும்பம் நிரப்ப வேண்டியிருந்த அத்தனை தாள்களையும் நிரப்பிப் பழகியவர். கறுத்தப் பேனையால் எழுத வேண்டும், ஒரு பிரதி கையில் இருக்க வேண்டும், கொடுத்த திகதியையும் வாங்கியவரின் பெயரையும் பிரதியின் பின்பக்கத்தில் குறித்துவைக்க வேண்டும். இவ்வளவையும் ஒழுங்காகச் செய்தால் கிடைக்க வேண்டியது கிடைத்தே தீரும் என்பது அவருடைய நம்பிக்கை. பெரும்பாலும் கிடைத்தும் இருந்தது.

அவருக்கு நாற்பத்தைந்து வயது. வீட்டுக்குப் பின்னால் இருக்கும் ஒரு ஏக்கர் மிளகாய்த் தோட்டத்தை அவர்தான் பார்க்கிறார். கணவர் தங்கராசா மேசன். கிளிநொச்சிப் பக்கம் எங்கே வீடு கட்டினாலும் அவரைக் கூப்பிடுவார்கள். இருவருக்கும் ஒரே மகள், தனுஷா. அவள் உயர்தரத்தில் உயிரியல் படித்தாள்.

தனுஷா தாதியாக வேண்டும் என்பது அவளுக்கு நான்கு வயதாக இருந்தபோதே முடிவான விஷயம். முடிவெடுத்தது அமராவதி. 2009இல் செட்டிகுளம் முகாமில் பிள்ளைக்கு வயிற்றோட்டம் கண்டு கண் செருகியபோது, முகாம் ஆஸ்பத்திரியில் தாதி மிஸ்ஸி ஒருவர் இரண்டு நாட்களாகப் பக்கத்திலேயே நின்று சேலைன் ஏற்றிக் காப்பாற்றினார். அந்த மிஸ்ஸியின் பெயர்கூட அமராவதிக்குத் தெரியாது. பிள்ளை எழும்பி உட்கார்ந்து சோறு கேட்ட அன்று, இவள் வளர்ந்து இதே வேலைதான் செய்வாள் என்று மனதுக்குள் எழுதிவைத்துக்கொண்டார்.

2024 வைகாசிக் கடைசியில் பெறுபேறு வந்தது. ஒரு பீ, இரண்டு சீ. பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கப் போதுமானது. அமராவதி கிளிநொச்சிக்குப் போய்ப் பல்கலைக்கழக அனுமதிக் கைநூலை வாங்கி வந்தார். பழுப்பு உறை போட்டு, ஒரு கிழமை முழுவதும், மிளகாய்க்குத் தண்ணீர் பாய்ச்சும் நேரத்தில் பம்பு ஓடிக்கொண்டிருக்க, வரம்பில் உட்கார்ந்து அதை வாசித்தார். எந்தப் படிப்புக்கு எந்தப் பாடம் வேண்டும், முல்லைத்தீவு மாவட்டத்துப் பிள்ளைக்குப் போன முறை வெட்டுப்புள்ளி எவ்வளவு, எல்லாவற்றையும் அடிக்கோடு போட்டுப் பார்த்தார். பிறகு ஒரு கொப்பித் தாளில் பதினாறு தெரிவுகளை வரிசையாக எழுதினார். முதல் ஐந்தும் தாதியியல், ஐந்து வெவ்வேறு பல்கலைக்கழகங்களில்.

"சரியோ பிள்ளை?" என்று கேட்டார்.

"ஓம் அம்மா," என்றாள் தனுஷா.

விசுவமடுச் சந்தியில் இருக்கும் கொமினிக்கேசன் கடைக் கணினியில் தனுஷா தானே விண்ணப்பத்தைப் பதிந்தாள். அமராவதி பக்கத்துக் கதிரையில் இருந்து தன்னுடைய தாளைப் பார்த்து ஒவ்வொரு குறியீடாக வாசித்துக் கொடுத்தார். பதினாறும் முடிந்ததும் போட்டோக்கொப்பி எடுக்க எழுந்துபோனார். அச்சடித்து வந்த முதல் பக்கத்தில் பதினாறு வரிகளும் சரியாக இருந்தன. இரண்டாம் பக்கத்தில் கையொப்பம் மட்டும்தான் இருக்கும் என்று நினைத்து அதை அவர் திருப்பிப் பார்க்கவில்லை. வாழ்க்கையில் அவர் வாசிக்காமல் விட்ட ஒரே பக்கம் அதுதான்.

முடிவு வர மாதக்கணக்கில் செல்லும். பிள்ளை வீட்டில் சும்மா இருந்தால் யோசித்தே மெலிந்துவிடும் என்று அமராவதி பயந்தார். கமலாட்சி என்ற பெண் நடத்தும் செத்தல் மிளகாய் நிலையத்தில் காலை வேளைக்கு அவளைச் சேர்த்துவிட்டார். ஊரில் காயும் செத்தலை வாங்கி, தரம் பிரித்து, அரைத்துப் பொதி செய்து கொழும்புக்கு அனுப்புகிற சின்ன இடம் அது. மொத்தம் எட்டுப் பெண்கள். மத்தியானத்துக்குப் பிறகு வீட்டுக்கு வந்து, உயர்தரப் பரீட்சையை இரண்டாம் தடவை எழுதுவதற்குப் படிக்க வேண்டும் என்பது ஒப்பந்தம்.

இரண்டு கிழமை போனதும் தனுஷா சாப்பிடும்போதெல்லாம் மிளகாயைப் பற்றியே கதைக்கத் தொடங்கினாள். கொழும்பிலிருந்து ஒரு லோட் தூள் பூஞ்சணம் பிடித்துத் திரும்பி வந்திருந்தது. ஏன் என்று யாருக்கும் தெரியவில்லை. கமலாட்சியிடம் ஈரப்பதன் பார்க்கும் மீற்றர் ஒன்று பெட்டிக்குள் கிடந்தது. தனுஷா அதை எடுத்து, அதன் சிறு புத்தகத்தைப் படித்து, பத்து நாட்கள் காலையிலும், வீட்டிலிருந்து திரும்பப் போய் மாலையிலும் ஒவ்வொரு மூட்டையாக அளந்து எழுதினாள். பின்னேரம் கட்டிய மூட்டைகளில்தான் ஈரம் கூடியிருந்தது. வெயில் இறங்கிய பிறகும் பாயில் கிடந்த மிளகாய் காற்றிலிருந்து ஈரத்தை வாங்கிக்கொண்டிருந்தது. அதன் பிறகு மூன்று மணிக்கு மேல் யாரும் மூட்டை கட்டக் கூடாது என்று கமலாட்சி உத்தரவு போட்டார். அடுத்த லோட் திரும்பி வரவில்லை.

"நல்லது," என்றார் அமராவதி. "இண்டைக்கு இரசாயனம் எத்தினை கேள்வி செய்தனீ?"

வெட்டுப்புள்ளி வெளியான நாளில் தாயும் மகளும் பத்து மணிக்கே கடைக்குப் போனார்கள். தனுஷாவுக்கு ஒரு தெரிவும் கிடைக்கவில்லை. ஐந்தாவதாகப் போட்ட தாதியியலின் வெட்டுப்புள்ளியைவிட அவளுடைய இசட் புள்ளி 0.04 குறைவாக இருந்தது. தனுஷா கணினித் திரையைப் பார்த்தபடியே இருந்தாள். அழவில்லை. வீட்டுக்கு வந்து குசினியில் தண்ணீர் குடிக்கும்போதுதான் அழுதாள்.

அமராவதி அவளை அழ விட்டார். பிறகு கைநூலை எடுத்து, அடிக்கோடு போட்டுவைத்த பக்கத்தைத் திறந்து அவளுக்கு முன்னால் வைத்தார்.

"இது முடிவில்லை, பிள்ளை. இடம் கிடைச்ச எல்லாரும் போய்ப் பதியமாட்டினம். கொஞ்சப்பேர் வெளிநாடு போவினம், கொஞ்சப்பேர் வேற படிப்புக்குப் போவினம். அந்த வெற்றிடத்துக்கு அடுத்த புள்ளிக்காரரைக் கூப்பிடுவினம். 0.04தான் இடைவெளி. கூப்பிடுவினம்."

"கூப்பிடாட்டி?"

"இரண்டாந்தரம் எழுதிறாய்தானே. இரண்டு கதவு இருக்கு. ஒண்டு திறக்கும்."

பக்கத்து வளவு வீரபாகு படலையடியில் கண்டபோதெல்லாம், "கம்பஸ் கிடைச்சிட்டுதோ?" என்று கேட்டார். "இன்னும் இல்லை, வரும்," என்று அமராவதி ஒவ்வொரு முறையும் அதே குரலில் பதில் சொன்னார். கனடாவில் தனக்குத் தெரிந்த நல்ல பெடியன் ஒருவன் இருப்பதாக வீரபாகு ஒரு நாள் ஆரம்பித்தபோது, "அந்தப் பெடியனுக்கும் வேற ஆரும் கிடைப்பினம், அண்ணை," என்று சொல்லிவிட்டுச் சாக்கைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

கார்த்திகையில் இரண்டாம் தரப் பரீட்சை. பெருமழையில் வீதி மூழ்கி, நாடு முழுவதும் சில நாட்கள் பரீட்சையை நிறுத்திவைத்தார்கள். திரும்பத் தொடங்கிய நாளில் தங்கராசா வேலைக்குப் போகாமல், அயலில் ஒரு உழவு இயந்திரத்தைக் கேட்டு வாங்கி, மகளைப் பெட்டியில் நிற்கவைத்து வெள்ளத்துக்குள்ளால் ஓட்டிக்கொண்டுபோய்ப் பரீட்சை மண்டபத்தில் இறக்கிவிட்டார். தனுஷா நன்றாகச் செய்ததாகத்தான் சொன்னாள். பிறகு மிளகாய் நிலையத்துக்குத் திரும்பவும் போகத் தொடங்கினாள்.

மாசி மாதம் ஒரு காலை, அமராவதி தோட்டத்தில் மிளகாய்ப்பழம் பிடுங்கிக்கொண்டிருந்தார். தனுஷா போனைக் கையில் பிடித்தபடி வரம்பால் ஓடி வந்தாள்.

"அம்மா, வெற்றிடத்தில கூப்பிட்டிருக்கினம்."

அமராவதி கையிலிருந்த கூடையைக் கீழே வைத்தார். "நான் சொன்னனான்தானே. எங்க, மட்டக்களப்போ? யாழ்ப்பாணமோ?"

"பதுளை."

"பதுளையில தாதியியல் இல்லையே."

"தாதியியல் இல்லையம்மா. தேயிலைத் தொழில்நுட்பம்."

"அப்ப பிழையா வந்திருக்கு. அதை நாங்கள் போடேல்லை. இண்டைக்கே எடுத்துக் கதைப்பம்."

தனுஷா செருப்பு நுனியால் மண்ணைக் கிளறினாள். "பிழை இல்லை. பதினேழாவதா நான் போட்டனான். நீங்கள் போட்டோக்கொப்பி எடுக்கப் போன நேரம்."

அமராவதிக்கு முதலில் கோபம்தான் வந்தது. படிவத்தில் தனக்குத் தெரியாமல் ஒரு வரி. ஆனால் அதைவிடப் பெரிய சிக்கல் இருந்தது, அதுவும் அவருக்குக் கைநூலில் பக்கம் தெரிந்த சிக்கல். இப்போது பதிந்துவிட்டால், சித்திரையில் வரப்போகும் இரண்டாம் தரப் பெறுபேற்றை வைத்து வேறு படிப்புக்குப் போக முடியாது. பதியாமல் விட்டால் இது போய்விடும்.

"இதை விட்டிடுவம்," என்றார். "இரண்டு மாதம் பொறுத்தால் தாதியியல் கிடைச்சிடும். நீ நல்லாச் செய்ததெண்டு சொன்னனீதானே."

"கிடைக்கும் எண்டுதான் நானும் நினைக்கிறன்."

"பிறகென்ன?"

"அம்மா, தாதியா வரவேணும் எண்டு நான் எப்பவாவது சொன்னனானோ?"

அமராவதி பதில் சொல்ல வாயெடுத்தார். பதினைந்து வருடங்களாக அந்த வீட்டில் அந்தச் சொல் புழங்கியிருந்தது. அதை யார் யாருக்குச் சொன்னார்கள் என்று யோசித்துப் பார்த்தால், எல்லா இடத்திலும் தன்னுடைய குரல்தான் கேட்டது.

"ஆஸ்பத்திரி மணமே எனக்கு ஒத்துவராது," என்றாள் தனுஷா. "நீங்கள் அவ்வளவு ஆசையா எழுதிக்கொண்டு இருந்தனீங்கள். அதுதான் பேசாமல் இருந்தனான். அந்த நேரம் பதினேழாவதைச் சும்மாதான் போட்டனான். சாமானைக் காயவைக்கிறது, பழுதாகாமல் வைக்கிறது எல்லாம் அதில படிக்கலாம் எண்டு கைநூலில இருந்தது. கமலாட்சி அன்ரியிட்டப் போன பிறகு, அதுதான் வேணும் எண்டு எனக்குத் தெரிஞ்சிட்டுது. கூப்பிடமாட்டினமோ எண்டு ஒவ்வொரு நாளும் பார்த்துக்கொண்டு இருந்தனான்."

அமராவதி கூடையை எடுத்துக்கொண்டு அந்தச் சால் வரிசையைக் கடைசிவரை பிடுங்கி முடித்தார். தனுஷா அடுத்த சாலில் இறங்கித் தானும் பிடுங்கினாள். மேட்டுக்கு வந்து சேர்ந்தபோது அமராவதி கேட்டது ஒன்றுதான். "பதியிறதுக்குக் கடைசித் திகதி என்ன?"

ஆனால் தங்கராசா ஒத்துக்கொள்ளவில்லை.

அவர் பிறந்தது பதுளை மாவட்டத்தில், பசறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றின் தொழிலாளர் லயத்தில். 1977 கலவரத்துக்குப் பிறகு, நான்கு வயதுப் பிள்ளையாக, லொறியில் வன்னிக்கு வந்தவர். பள்ளிக்கூடத்தில் பெடியன்கள் அவரைத் 'தோட்டக்காட்டான்' என்று கூப்பிட்டார்கள். அந்தச் சொல் கேட்காத இடத்துக்கு வந்து சேர அவருக்கு முப்பது வருடமும் நூற்றுக்கணக்கான சுவர்களும் தேவைப்பட்டன. அமராவதி படிவம் நிரப்பும்போது பிறந்த இடம் என்ற கட்டம் வந்தால் அவர் எழுந்து வெளியே போய்விடுவார். அமராவதியின் தாய்தகப்பனும் மலையிலிருந்து வந்தவர்கள்தான். ஆனால் அமராவதி பிறந்தது விசுவமடுவில். மலையை அவர் கண்டதே இல்லை.

"எல்லாரும் அங்க இருந்து தப்பி வந்தது இதுக்கோ?" என்று கேட்டார் தங்கராசா. "படிச்சு முடிச்ச சேட்டிபிக்கற்றிலயும் தேயிலை எண்டு போட்டிருக்க வேணுமோ?"

"நான் கொழுந்து பிடுங்கப் போகேல்லை, அப்பா."

"ஊர் அப்பிடித்தான் சொல்லும்."

"ஊர் சொல்லட்டும்," என்றார் அமராவதி.

தங்கராசா சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்தார். மூன்று நாட்கள் அதைப் பற்றிக் கதைக்கவே இல்லை. அமராவதி வற்புறுத்தவும் இல்லை. மனிதருக்கு நேரம் கொடுத்தால் தானாக இறங்கி வருவார் என்று அவருக்குத் தெரியும். கடைசித் திகதிக்கு இன்னும் ஒன்பது நாட்கள் இருந்தன. அதற்குள் பிரதிகளை எல்லாம் எடுத்து, கிராம சேவையாளரிடம் கையெழுத்தும் வாங்கிவைத்தார்.

நான்காம் நாள் கமலாட்சியின் நிலையத்தில் காயப்போடும் சீமெந்துத் தளம் வெடித்திருப்பதாகத் தங்கராசாவைக் கூப்பிட்டார்கள். காலையில் போனவர் மத்தியானம் சாப்பிட வந்தபோது, கை கழுவிவிட்டு நேரே குசினிக்குள் வந்து நின்றார்.

"இண்டைக்கு ஒரு வியாபாரி வந்தவன்," என்றார். "என்ர வயசு இருக்கும். பெரிய வாகனம். பன்ரண்டு மூட்டை செத்தல் கொண்டுவந்தவன். எங்கட பிள்ளை மீற்றரைக் குத்திப் பார்த்திட்டு, நாலு மூட்டையை எடுக்க ஏலாது எண்டிட்டாள். அவன் சத்தம் போட்டான். இவள் சத்தம் போடேல்லை. மீற்றரை அவன்ர கையில குடுத்து, நீங்களே பாருங்கோ எண்டாள். அவன் பார்த்தான். பிறகு பேசாமல் நாலையும் திருப்பி ஏத்திக்கொண்டு போட்டான்."

அமராவதி சோற்றைப் போட்டுக் கொடுத்தார். தங்கராசா வாங்கிக்கொண்டு, சாப்பிடாமல் நின்றார்.

"என்ர அம்மா கொழுந்து நிறுக்கக் கொண்டு போனால், நானும் சீலையைப் பிடிச்சுக்கொண்டு போவன். அதுமட்டும் எனக்கு ஞாபகம் இருக்கு. நிறுக்கிறவன் தட்டில ஈரக்கொழுந்து எண்டு சொல்லி எடையில கழிப்பான். அவ ஒரு வார்த்தை கதைக்கேலாது."

ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "ஆர் கூட்டிக்கொண்டு போறது?" என்று கேட்டார்.

"மூண்டு பேரும் போவம்," என்றார் அமராவதி.

கிளிநொச்சியிலிருந்து கண்டிக்கு ஒரு பஸ், கண்டியிலிருந்து பதுளைக்கு இன்னொன்று. மகியங்கனை தாண்டி வீதி திரும்பவும் மலை ஏறத் தொடங்கியதும் அமராவதிக்குத் தலை சுற்றியது. கண்ணை மூடிக்கொண்டார். தங்கராசா ஜன்னலால் பார்த்துக்கொண்டே வந்தார். முதல் தேயிலைச் சரிவு தெரிந்தது. கொஞ்சம் நேரம் சென்று, தூங்கி விழுந்த மகளைத் தட்டி எழுப்பி, "அட்டை கடிக்காமல் இருக்கச் சவுக்காரத்தைக் காலில பூசிக்கொண்டு போகவேணும், மறந்திடாதை," என்றார்.

பதிவு நடந்த மண்டபத்தில் நீண்ட வரிசை. பெரும்பாலும் சிங்களக் குடும்பங்கள். அமராவதிக்குச் சிங்களம் பத்துச் சொல்தான் தெரியும். ஆனால் அவருடைய கோப்பைக் கண்டதும் மேசையில் இருந்த பெண் அலுவலர் சிரித்துவிட்டார். மூலப்பிரதி, நகல், உறுதிப்படுத்திய நகல், எல்லாம் கேட்ட வரிசையிலேயே அடுக்கியிருந்தன. ஒவ்வொரு மூலையிலும் பென்சிலால் இலக்கம் போட்டிருந்தது. பின்னால் நின்ற குருநாகல் தாய் ஒருவர் தன் மகனின் தாள்களைக் காட்டிச் சைகையால் கேட்க, அமராவதி அவற்றையும் வாங்கி அடுக்கிக் கொடுத்தார்.

மல்லாவியைச் சேர்ந்த கிருசாந்தி அங்கே மூன்றாம் வருடம் படித்துக்கொண்டிருந்தாள். தனுஷா முன்னரே போனில் பேசிப் பழகியிருந்தாள். விடுதியைக் காட்டக் கூட்டிக்கொண்டு போகும் வழியில், "அங்கிள், இந்தக் குளிர் உங்களுக்கு ஒத்துவராது, என்ன?" என்று அவள் கேட்டாள்.

"எனக்கென்ன, நான் இஞ்ச பிறந்த ஆள்," என்றார் தங்கராசா. "பசறைப் பக்கம். இந்த மலைக்கு அங்கால."

அமராவதி திரும்பிப் பார்த்தார். இருபத்திரண்டு வருடக் கலியாண வாழ்க்கையில், கேட்காமலே அவர் வாயிலிருந்து பிறந்த ஊரின் பெயர் வந்ததை அன்றுதான் கேட்டார். பசறைக்குப் போய்ப் பார்ப்போமா என்று பஸ் நிலையத்தில் கேட்டபோது தங்கராசா வேண்டாம் என்றார். "இப்ப என்னத்துக்கு. இவள் இஞ்சதானே நாலு வருசம் இருக்கப் போறாள். ஒரு நாளைக்குப் பார்ப்பம்."

சித்திரைக் கடைசியில் இரண்டாம் தரப் பெறுபேறு வந்தது. அமராவதி தனியாகவே கடைக்குப் போய்ச் சுட்டிலக்கத்தைக் கொடுத்துப் பார்த்தார். மூன்றும் பீ. போன வருடத்துத் தாதியியல் வெட்டுப்புள்ளியைத் தாண்டி எவ்வளவோ மேலே இருந்தது. இரண்டு மாதம் பொறுத்திருந்தால் முதல் தெரிவே கிடைத்திருக்கும்.

அவர் கடைக்கு வெளியே வந்து நின்றுகொண்டே மகளுக்குப் போன் எடுத்தார்.

"பார்த்தனான் அம்மா," என்றாள் தனுஷா. "நல்லாத்தான் வந்திருக்கு. இரண்டு மணிக்கு லாப் இருக்கு, பின்னேரம் எடுக்கிறன்."

அன்று மத்தியானம் முழுவதும் அமராவதிக்கு மனம் ஒரு நிலையில் இல்லை. வெள்ளைச் சீருடையில் தனுஷாவை அவர் எத்தனையோ தடவை கண்டிருக்கிறார். தலையில் தொப்பி சரியாக இருக்கிறதா என்றுகூடப் பார்த்திருக்கிறார். அந்தப் பிள்ளையை வழியனுப்பக் கொஞ்சம் நேரம் தேவைப்பட்டது. தோட்டத்துக்குப் போய்ப் பம்பைப் போட்டார். நான்கு மணிக்குத் தங்கராசா வந்தபோது விஷயத்தைச் சொன்னார்.

"அவளுக்குத் தெரியுமோ?"

"தெரியும்."

"என்ன சொன்னவள்?"

"லாப் இருக்காம்."

தங்கராசா சிரித்தார். அமராவதிக்கும் சிரிப்பு வந்தது.

தனுஷா சொன்னபடியே பின்னேரம் எடுத்தாள். அன்றைக்குத் தேயிலைச் சாறு முப்பது கோப்பை ருசி பார்த்ததாகவும், உறிஞ்சிச் சத்தம் போட்டுத் துப்ப வேண்டும் என்றும், அந்தச் சத்தம் தனக்கு இன்னும் சரியாக வரவில்லை என்றும் சொன்னாள். அறையில் இருக்கும் இரண்டு சிங்களப் பிள்ளைகளும் தமிழ் படிக்கத் தொடங்கியிருப்பதாகச் சொன்னாள்.

"வெசாக் லீவுக்கு நான் வரேல்லை, அம்மா. கிருசாந்தி அக்கா ஆக்களோட ஒரு பக்டரி பார்க்கப் போறம். அடுத்த மாதம்தான் வருவன்."

வராமல் விடலாமா, போகலாமா என்று அவள் கேட்கவில்லை. அமராவதி அதைக் கவனித்தார்.

"சரி பிள்ளை," என்றார். "போட்டு வா. அப்பா பக்கத்தில நிக்கிறார், குடுக்கிறன்."